பதினான்காம் பெட்டியின் எடை

திறப்பு விழாவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள்.
அதற்கு முன் மணல்மூட்டைகள்தான்
ராட்டினம் ஏறவேண்டும் என்பது சட்டம்.
ஆளுக்கு எழுபத்தைந்து கிலோ,
பெட்டிக்கு நான்கு ஆள்.
அலறாது, வாந்தி எடுக்காது,
இறங்கியதும் பணத்தைத் திருப்பிக் கேட்காது.
இவ்வளவு நல்ல கூட்டத்தை
டர்பன் கடற்கரை பார்த்ததே இல்லை என்கிறான் ம்தோகோசிசி.

ஆலோசகர்களின் அறிக்கை
என் கருவிப்பெட்டியின் அடியில் கிடக்கிறது, கிரீஸ் கறையோடு.
இன்றைய பயணி வரிசையில் நிற்க மாட்டான்.
இன்றைய பயணிக்கு ஏழு நிமிடம் போதும்,
அதில் ஆறு கைப்பேசிக்கு.
ரோலர் கோஸ்டருக்கு வயதாகிவிட்டது, இடித்துவிடலாம்;
ராட்டினத்துக்கு மட்டும் மறுபடி மவுசு.
பழையது போலப் புதிதாக இருக்கவேண்டும்.
அந்த வரியின் கீழ் கோடு போட்டிருக்கிறேன்,
பாராட்டி அல்ல.

செவ்வாய்க்கிழமை டிக்கெட் கூண்டைச் சுரண்டினோம்.
ரோஜா நிறம். அதன் கீழ் ஆகாய நீலம்.
அதன் கீழ் ஆஸ்பத்திரிப் பச்சை.
பச்சைக்கும் கீழே எழுத்து,
இரண்டு மொழியில் ஒரே சேதி:
வெள்ளையருக்கு மட்டும்.
சுரண்டியை வைத்துவிட்டு டீ குடிக்கப் போனோம்.
ஃப்ளாஸ்க் காலி.
வெறும் கோப்பையைப் பிடித்தபடி
கொஞ்ச நேரம் நின்றோம்.

அலுவலகம் உடனே பதில் அனுப்பியது:
கண்ணாடிச் சட்டம் போடலாமா,
பக்கத்தில் ஒரு விளக்கு, படம் எடுக்க வாகாக?
நினைவுச் சுற்றுலா இப்போது ஏறுமுகம்.
இல்லாவிட்டால் ரோஜா நிறமே அடித்துவிடுங்கள்.
முடிவு உங்களுடையது, யோகவதி.
சம்பளச் சீட்டில் நான் ஒய். நாயக்கர், மூன்றாம் நிலை.
முடிவு எடுக்கச் சொல்லும்போது மட்டும் யோகவதி.

"வைத்தால் என் மகளுக்கு விளக்கணும்" என்றான் ம்தோகோசிசி.
"அழித்தால் இன்னும் ரொம்ப நேரம் விளக்கணும்."

இன்றிரவு பதினான்காம் பெட்டியில்
ஒரு மூட்டை கிழிந்து மணல் கொட்டிவிட்டது.
கடைசிச் சுற்று. கிடங்கைப் பூட்டியாயிற்று.
நான் அறுபத்தெட்டு. மடியில் ஸ்பேனர் பெட்டி, ஏழு.
கணக்குச் சரி. ஏறி உட்கார்ந்தேன்,
வாய் தைத்த மூன்று பேரோடு.

உச்சிக்குப் போனதும் மின்சாரம் போனது.
அட்டவணையில் பத்து மணி; இப்போது ஒன்பதே முக்கால்.
புது ஜெனரேட்டர் அடுத்த வாரம் கப்பலில் வருகிறது.

ஹோட்டல் வரிசை ஒரே மூச்சில் அணைந்தது.
சாட்ஸ்வொர்த் அந்தப் பக்கம், உம்லாசி அந்தப் பக்கம்,
ஒன்று எங்கே முடிகிறது, மற்றது எங்கே தொடங்குகிறது
என்று தெரியவில்லை.
அதைத் தெரியவைக்கத்தான் எவ்வளவு மெனக்கெட்டார்கள்.
வடக்கே, எங்களவர்க்கென்று ஒதுக்கிய மணல் இருந்த இடம்.
அங்கே ராட்டினம் கிடையாது.
இந்த மூட்டைகளில் எந்தக் கரை மணல் என்று
விலைப்பட்டியலில் போட்டிருக்கவில்லை.

கடலில் மட்டும் வெளிச்சம்.
துறைமுகத்துக்கு வெளியே நங்கூரமிட்ட கப்பல்கள்,
ஒன்றன்பின் ஒன்றாக, பொறுமையாக.
இன்றைய பயணி யாரும் அவற்றில் இல்லை போலும்.

காற்று. பெட்டி ஆடியது.
ஒரு மூட்டை என் தோளில் சாய்ந்தது,
இரவு பஸ்ஸில் தூங்கிப்போன முன்பின் தெரியாதவரைப் போல.
தள்ளவில்லை.
பலகையைப் பற்றி யோசிக்க நினைத்தேன்;
சிறுநீர் முட்டுவதைப் பற்றித்தான் யோசித்தேன்.

கீழே கைச்சக்கரம் முனகத் தொடங்கியது.
சட்டப்படி இருவர் சுற்றவேண்டும்,
இரண்டாமவள் மேலே இருக்கிறாள்.
ஒரு பல், இன்னொரு பல்.
ஒவ்வொரு பல்லுக்கும் ஜூலுவில் ஒரு வசவு,
எனக்குப் பாதி புரிந்தது, பாதி பிடித்தது.
நாற்பத்திரண்டு நிமிடம்.
அறிக்கையின் பயணியைப் போல் ஆறு மடங்கு.
ஒரு படம்கூட எடுக்கவில்லை.

நான் தரையில் கால் வைத்ததும்
டார்ச்சை வாயில் கவ்வியபடி படிவத்தை நிரப்பினான்:
பெட்டி பதினான்கு. எடை சரி. புகார் இல்லை.

"புகார் உண்டு" என்றேன்.

கடைசி வரியை அடித்தான்.
அதற்குக் கீழே வெறும் தாள் நிறைய இருந்தது.
பேனாவை நீட்டினான்.